ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லாத நாவல்

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக அதற்கு வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இலக்கியத் தரம் குறித்த கவலை என்று வாசகர் வட்டத்தில் சொன்னேன். மொழிப்பற்று என்று மனைவியிடம் சொன்னேன். வயதாகிறது, சட்டென்று எரிச்சல் வருகிறது என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன். அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்கு இறங்குகிற அழுத்தமா அது? சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற என் பால்ய நண்பன் ஒரு புத்தகம் எழுதினான். அது என் புத்தகத்தைவிட நல்ல புத்தகமாக அமைந்துவிட்டது. விஷயம் அவ்வளவுதான்.

நான் இங்கே மலைமேல் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். மதுரையில் விடுதியில் தங்கி எம்.ஏ. வரை தமிழ் படித்தவன். என் வகுப்பில் ஆண்டுக்கு ஆண்டு பெஞ்சுகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறார்கள். என் மகளும் அங்கேதான் போகிறாள். இதை நான் மேடைகளில் சொல்வதில்லை. எனக்குப் பதிலாக நண்பன் சொல்லிவிடுவான்.

பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன். தேயிலைத் தோட்டத்து நாவல். அதில் ஓர் ஆங்கிலச் சொல்கூட வரக்கூடாது என்று விரதம் எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் இங்கே வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் வைத்துவிட்டுப் போன பெயர் எதுவும் போகவில்லை. எஸ்டேட், டிவிஷன், ஃபீல்டு, ஃபேக்டரி, ஷிப்டு, சூப்பர்வைசர் என்று காலையில் கண் விழித்ததிலிருந்து அதுதான் பேச்சு. படிக்காத கிழவிகூட அப்படித்தான் பேசுவாள். அதற்கு மேல், ஊர் மலையாள தேசத்து எல்லைக்குள் இருப்பதால், ஆபீஸ் காரியத்துக்கெல்லாம் மலையாளம். இரண்டையும் கழித்துவிட்டு ஒரு தோட்டத்தை எழுதுவது என்றால், உப்பையும் புளியையும் எடுத்துவிட்டுக் குழம்பு வைக்கிற மாதிரி. எனக்கு அப்போது அது தெரியவில்லை. பெரிய சாதனையாகத் தெரிந்தது.

அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நான் கண்டுபிடித்த தமிழ்ச் சொல். காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற இடத்தை இங்கே மஸ்டர் என்பார்கள். அதற்குக் ‘கூடுகளம்’ என்று வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் யார் என்ன கேட்டாலும் என் காதில் விழவில்லை. கூடுகளம் கிடைத்த அன்று இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இவ்வளவு பாடும் ஊருக்காகப் பட்டதில்லை. அப்பாவுக்காகப் பட்டது. அப்பா தேயிலை ஃபேக்டரியில் டிரையரில் நின்றவர். உருட்டிப் புளிக்கவைத்த இலையைச் சூட்டில் காயவைத்துத் தூளாக வெளியே தள்ளுகிற இயந்திரம் அது. முப்பது வருடம் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றார். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அவரை ‘டிரையர் மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எம்.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு நோவு வந்து போய்ச் சேர்ந்தார். நான் பஸ் மாறி மாறி மலையேறி வந்து சேர்வதற்குள் மாதா கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் அவரை எப்படியாவது ஒரு புத்தகத்துக்குள் உட்காரவைக்க வேண்டும், அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவர் மறுபடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது மாதிரி அம்மாவுக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வேறு எந்த விருதும் பட்டயமும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சரி, விருதும் வேண்டியிருந்தது. ஆனால் அது இரண்டாவது.

அப்பா வருகிற அத்தியாயத்தை எழுதி முடித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. எழுத்துக் கூட்டி வாசிக்கிற பழக்கமும் விட்டுப்போயிற்று. முக்காட்டைக்கூட எடுக்காமல், பிரசங்கம் கேட்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நாவலில் அவர் சொல்கிற ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம்: “உலர்த்தியின் வெப்பநிலை தாழுமானால் தேயிலைத் தூள் தன் உயிரை இழந்துவிடும்.” வாசித்து முடித்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். “நல்லாருக்குப்பா. சுத்தமா இருக்கு” என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நாவல் வந்தது. ஒரு கல்லூரி மலரில் ஒரே ஒரு மதிப்புரை வந்தது. ‘மொழி குறையற்றது’ என்று எழுதியிருந்தார்கள். கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. மீதிப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஈரம் ஏறாமலிருக்க மனைவி அவற்றை மழைக்கு முன்னால் ஒருமுறை வெயிலில் காயப்போடுவாள். மிளகாய் காயப்போடுகிற அதே தார்ப்பாயில்தான்.

இனி நண்பன். அவன் வீடும் என் வீடும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவு. நான் மதுரைக்குப் போன வருடம் அவன் ஃபேக்டரியில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தான். டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. இரண்டு வருடம் அப்பா நின்ற ஷிப்டில் அவனும் நின்றான். அப்புறம் டிரைவிங் பழகி, இப்போது சொந்த ஜீப் வைத்து, மலைக்கு மேலே சூரியன் உதிப்பதைப் பார்க்க வருகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறான். அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இவன் ஜீப் பானட்டில் சாய்ந்துகொண்டு ஃபோனில் எதையாவது தட்டுவான். அதை ஃபேஸ்புக்கில் போடுவான். ஆரம்பத்தில் நான் அதை இலக்கியக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மத்தியானம், பலசரக்குக் கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அதில் நான் போட்ட ஒரு சட்டம் இருந்தது. பேச்சில் யார் வாயிலிருந்து ஆங்கிலச் சொல் வருகிறதோ, அவர்தான் அன்றைக்கு டீ குடித்த கிளாஸ்களைக் கழுவ வேண்டும். நண்பன் முதல் நாள் படி ஏறி வந்து, “ஸாரி மாஷே, லேட்டாயிருச்சு, டிராஃபிக்கு” என்றான். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கிளாஸ் கழுவுகிற வேலை அவன் தலையில் விழுந்துவிட்டது. மலையாளத்தில் வாத்தியாரைக் கூப்பிடுகிற ‘மாஷே’யைத்தான் அவன் எனக்குப் பட்டப்பெயராக வைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் ஒரு கேள்வி கேட்டான்: “அதெப்படி மாஷே, இங்கிலீசுக்கு மட்டும் கிளாஸு கழுவணும், மலையாளத்துக்குக் கழுவ வேண்டாமா?” அதை நான் யோசித்திருக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்கப்புறம் மூன்று வருடம் அநேகமாக அவன்தான் கழுவினான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குழாயடியில் நின்றுகொண்டே, உள்ளே நடக்கிற பேச்சுக்குப் பதில் சொல்லுவான். நான் இலக்கியத்தின் தரம் எப்படிச் சரிந்துவிட்டது என்று பேசுவேன். முன்பெல்லாம் ஒரு கதையை எழுதி, அடித்து, திருத்தி, ஆறு மாதம் பெட்டிக்குள் போட்டு வைத்து அனுப்புவார்கள், இப்போது கட்டை விரலால் தட்டி அடுத்த நிமிடமே நானூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள், கலப்படத் தமிழில் எழுதுகிறவனுக்குத்தான் கைதட்டல் என்று அடுக்குவேன். “கரெக்டு மாஷே” என்று குழாயடியிலிருந்து சத்தம் வரும். அவனைத்தான் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவன் எழுதுவதை நான் ஒன்றுவிடாமல் படிப்பேன். ஒருநாளைக்கு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன், யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று. ஆனால் ஒரு லைக்கு போட்டதில்லை. ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் விரல் பட்டுவிட்டது. பதறிப்போய் எடுத்துவிட்டேன். என் மகள் அவன் எழுதியதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் நாவலை அவள் பதினோராம் பக்கத்தில் மூடி வைத்தவள். “அப்பா, மாமா எழுதுறது மாமா பேசுற மாதிரியே இருக்குப்பா” என்பாள். பேசுகிற மாதிரி எழுதுவதற்கு எழுத்தாளன் எதற்கு என்று அவளிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

பிறகு நடந்ததுதான் என்னைக் குடைந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பயணி அவன் ஜீப்பில் மலையேறியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தவர் பதிப்பகம் நடத்துகிறவர். ஆறு மாதத்தில் புத்தகம் வந்துவிட்டது. நான் பன்னிரண்டு வருடம் உயிரை விட்ட இடத்தில் அவனுக்கு ஆறே மாதம். அட்டையில் அவன் ஜீப்பின் படம். நல்ல தாள், நல்ல கட்டு. கையில் வாங்கியதும் முதலில் பின்னட்டையைத் திருப்பி, என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அப்புறம் தாளை முகர்ந்து பார்த்தேன். “சூப்பரா வந்திருக்குடா” என்று என் வாயாலேயே சொன்னேன். பக்கத்தில் வாசகர் வட்டத்து ஆள் யாரும் இல்லாததால் பிழைத்தேன்.

“வெளியீட்டு விழாவுல நீதான் மாஷே பேசணும்” என்றான். “நீ பேசலன்னா எனக்கு விழாவே வேண்டாம்.”

“நான் பேசுனா நல்லதை மட்டும் பேச மாட்டேன்டா.”

“என்ன வேணா பேசு. நீ பேசணும், ஒங்கம்மா வரணும். அம்மாவ நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு.”

சர்ப்ரைஸ் என்றால் சால்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின வாரம் அவன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன். எண்ணினேன். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே கோடு போட்டுக்கொண்டே போனேன். ட்ரிப், கெஸ்ட், ரிவர்ஸ், ஃபோர்வீல், வியூபாயிண்ட், பிரேக். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கை, பழக்கத்தில் வேகமாக ஓடியது. அங்கங்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஓர் இடத்தில் கண் கலங்குகிற மாதிரி வந்தது. உடனே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். நாற்பதாம் பக்கத்தில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. பேசுவதற்கு இது போதும் என்று மூடிவிட்டேன். பேச்சை நான்கு பக்கம் எழுதினேன். எந்த மாணவன் பேப்பரையும் திருத்தும்போது பாதியில் நிறுத்த மாட்டேன், நண்பனுக்கு மட்டும் அப்படிச் செய்தேன்.

விழா பஞ்சாயத்து ஹாலில் மத்தியானம் மூன்று மணிக்கு. ஜீப் டிரைவர்கள், ஹோம்ஸ்டேக்காரர்கள், கொழுந்து பறிக்கிற பெண்கள் என்று நாற்காலி போதாமல் நின்றார்கள். என் நாவல் வெளியீட்டுக்கு ஒலிபெருக்கிக்காரனையும் சேர்த்துப் பதினேழு பேர் வந்தார்கள். அம்மாவை முன்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்திருந்தான் நண்பன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்திருந்தாள்.

நான் நன்றாகப் பேசினேன். அதில் பொய் அடக்கம் வேண்டாம். மொழி என்பது ஒரு வீடு, அதற்குள் வாடகைக்கு வந்தவன் சொந்தக்காரனை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறான் என்றேன். நாற்பது பக்கத்தில் இருநூறு ஆங்கிலச் சொல் என்றேன். டிரைவர்கள் விசிலடித்தார்கள். அவர்களுக்கு அது பெருமையாகப் பட்டதோ என்னவோ. நண்பனும் சிரித்துக்கொண்டு கைதட்டினான். அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. எழுதி வைக்காத ஒன்றை அப்போதுதான் சொன்னேன்.

“நம்மைப் பெற்ற அப்பாக்கள் இப்படியா பேசினார்கள்? ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உங்கள் அப்பாவின் குரலை நினைத்துப் பாருங்கள். இந்தப் புத்தகத்தில் அந்தக் குரல் இருக்கிறதா?”

ஹால் அமைதியாகிவிட்டது. என் பேச்சில் கட்டுண்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கம்பீரமாக வந்து உட்கார்ந்தேன். முன்வரிசையில் அம்மா குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பன் எழுந்தான். ஏற்புரை எதுவும் பேசவில்லை. “எனக்கு மாஷு மாதிரிப் பேச வராது. ஒரு பக்கம் வாசிக்கேன்” என்று புத்தகத்தைப் பிரித்தான். அதில் ஏற்கெனவே ஒரு பஸ் டிக்கெட் அடையாளத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அது எழுபதாம் பக்கம். நான் நாற்பதில் நிறுத்தியவன்.

“எங்க டிரையர் மாமாவுக்கு மொத்தம் நாப்பது அம்பது இங்கிலீஷ் வார்த்தைதான் தெரியும். அத வச்சே அவரு குடும்பம் நடத்துனாரு. வீட்டுல சோறு அடிப்பிடிச்சுதுன்னா, ‘இன்னைக்கு ஓவர்ஃபயர் ஆயிருச்சு’ம்பாரு. அத்தை மூஞ்சி கோணுச்சுன்னா ஒடனே, ‘ஆனா ஃப்ளேவர் இருக்கு’ம்பாரு...”

ஹாலில் சிரிப்பு. அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நண்பன் நிறுத்தாமல் வாசித்தான். டிரையரிலிருந்து விழுகிற தூளை உள்ளங்கையில் ஏந்தி அப்பா முகர்ந்து பார்ப்பது, காதில் சொருகிய பென்சில், “டெம்பரேச்சர் எறங்குச்சுன்னா தூளு செத்துரும்ல, விறகத் தள்ளுலே” என்று அவர் கத்துவது எல்லாம் வந்தது. அந்தக் கத்தல் என் காதில் விழுந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. பஞ்சாயத்து ஹாலில், ஒலிபெருக்கியில், வேறொருவன் வாயிலிருந்து விழுந்தது.

அடுத்து வந்ததை அவன் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். பறித்துக் கொண்டுவந்த பச்சைக் கொழுந்தை உருட்டுவதற்கு முன்னால் காற்றில் பரப்பி வாட்டுவார்கள், அதற்கு விதரிங் என்று பேர். சலித்து எடுத்ததில் கடைசியாக மிஞ்சுகிற பொடி டஸ்ட்.

“ஒருநாள் நான் கேட்டேன், மாமா, ஒங்க மவன் மதுரையில என்ன படிக்கான்? ‘தமிழ்’ன்னாரு. தமிழ் நமக்குத் தெரிஞ்சதுதான மாமா, அதப் போயி என்ன படிக்கன்னேன். அவரு தூள அள்ளி மோந்து பாத்துட்டுச் சொன்னாரு. ‘ஏலே, நம்ம வாயில இருக்கது டஸ்ட்டு. அவன் படிக்கது ஃபஸ்ட் குவாலிட்டி. எம் மவன் ஃபஸ்ட் குவாலிட்டிலே. விதரிங்தான் இன்னுங் கொஞ்சம் பத்தல. வாடி வந்துருவான்.’”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அதுதான் அவன் சொன்ன சர்ப்ரைஸ். மேடையில் நான் சிரித்த மாதிரி ஒரு படம் இருக்கிறது. அது சிரிப்பில்லை.

என்னைப் பற்றி அப்பா அப்படி நினைத்தது எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் “வந்தியா? சாப்பிட்டியா? பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்பதோடு சரி. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். கல்லூரி முதல் வருட விடுமுறையில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அப்பா உற்சாகமாக ஃபேக்டரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து, “டெம்பரேச்சர் இல்லப்பா, வெப்பநிலைன்னு சொல்லுங்க. ஏன் இப்படிக் கொச்சையாப் பேசுறீங்க” என்றேன். புதிதாகக் கற்ற திமிர். “சரிங்க சார்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் ஃபேக்டரியைப் பற்றி ஒரு கதையும் சொன்னதில்லை. அந்தக் கதைகளெல்லாம் விறகு தள்ளுகிறவனிடம் போய்ச் சேர்ந்தன. அவன் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டு நின்றான்.

ஆகவே நான் அவன் மேல் பொறாமைப்படுவது புத்தகத்துக்காக மட்டுமில்லை. என் அப்பாவை என்னைவிட அதிகமாக வைத்திருந்தான் என்பதற்காக. அவர் என்மேல் வைத்திருந்த பிரியம்கூட இருபது வருடத்துக்குமேல் அவன் வசம் இருந்திருக்கிறது. அவன் அதைத் திருப்பித் தந்ததற்கு நான் காலில் விழுந்திருக்க வேண்டும். விழா முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து, “கோவமா மாஷே?” என்று கேட்டான்.

“எழுபதாம் பக்கத்துல ஒரு அச்சுப்பிழை இருக்கு” என்றேன்.

“அடுத்த எடிஷன்ல மாத்திருவோம்” என்றான். அடுத்த எடிஷன். அதையும் என்னிடமே சொல்கிறான்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன், அது பொய்யுமில்லை. கஞ்சி குடித்து முடித்ததும் அம்மா, நண்பன் மேடையில் வாசித்துவிட்டு அவளிடமே கொடுத்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் பஸ் டிக்கெட் இன்னும் அதில் இருந்தது.

“அத வாசி.”

“நேத்துதானம்மா கேட்டீங்க.”

“நேத்து கூட்டத்துல சரியாக் கேக்கல. வாசிப்பா.”

வாசித்தேன். என்னால் முடிந்தவரை நன்றாகத்தான் வாசித்தேன். பாதியில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“என்ன வாசிச்ச இப்ப?”

பார்த்தேன். புத்தகத்தில் டெம்பரேச்சர் என்றுதான் இருந்தது. என் வாய் அதுவாகவே ‘வெப்பநிலை’ என்று வாசித்திருக்கிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், நாக்கிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“ஒங்கப்பா அப்பிடிச் சொல்ல மாட்டாரு” என்றாள் அம்மா. “இருக்கத இருக்கபடி வாசி.”

பக்கத்தின் தொடக்கத்துக்கே போய், இருக்கிறதை இருக்கிறபடி வாசித்தேன். ஓவர்ஃபயர் வந்ததும் அம்மா சிரித்தாள். ஃப்ளேவர் வந்ததும் அழுதாள். ஃபஸ்ட் குவாலிட்டி வந்தபோது நான் நிறுத்த வேண்டியிருந்தது. நான் மறுபடி தொடங்கும் வரைக்கும் அம்மா காத்திருந்தாள்.

“அந்தப் பய எம்புட்டு நல்லா எழுதிருக்கான் பாரு. அப்பிடியே ஒங்கப்பா வந்து உக்காந்து பேசிட்டுப் போன மாதிரி இருக்கு” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “நீயும் அவரப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கலாம்லப்பா. நீதான் படிச்சவன்” என்றாள்.

“எழுதியிருக்கேன்ம்மா. உங்களுக்கு வாசிச்சும் காட்டினேன். என் நாவல்ல ஆலையில நிக்கிற பெரியவர் வருவாருல்ல. அது அப்பாதான்.”

அம்மாவுக்கு அதை நினைவுக்குக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

“அவரா?” என்றாள். நிஜமான ஆச்சரியம் அவள் குரலில் இருந்தது. “நான் யாரோ யூனியன் மீட்டிங்குக்குப் பேச வந்தவுகன்னுல்ல நெனச்சேன்.”

அவள் கேலி செய்யவில்லை. அப்படிக் கேலி செய்யத் தெரிந்தவளில்லை அம்மா. என் கையிலிருந்த நண்பனின் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, முதலிலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.